பீட் பார்த்த உத்தியோகங்கள்

சுக்கானைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்துக்கொண்டிருந்த எலியை விரட்டிவிட்டு, கப்பல் தலைவன் தானே வந்து நிற்கிறான். பானை வயிறு, முரட்டுத் தாடை. புகையிலைக் கட்டியை எடுத்து ஒரு கடி கடிக்கிறான். மெல்லுகிறான். பல்வரிசை திறந்துகொள்ள, சாறு வெளியே பாய்கிறது. எதிர்க்காற்று அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அவனுக்குப் பின்னால் தொங்கும் மணியில் அடிக்கிறது. ‘டங்’. அவனுக்கு ஒரே குஷி. யாரையும் மிரட்டாமல், யாருக்கும் உத்தரவு போடாமல், சும்மா சந்தோஷப்படுகிற ஒரு தடியன். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு முறை துப்புகிறான். இந்த முறை சாறு மணிக்குப் போகவில்லை. அவன் மூஞ்சியிலேயே வந்து விழுகிறது.

‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தில் வரும் காட்சி இது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் திரையிடப்பட்ட, எட்டு நிமிடம்கூட ஓடாத படம். 95 ஆண்டுகள் முடிந்து 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை காலாவதியானபோது, உலகமெங்கும் பத்திரிகைகள் மிக்கி மவுஸின் விடுதலையைத் தலைப்பாக்கின. அதே படத்தில், அதே நள்ளிரவில் அவிழ்த்துவிடப்பட்ட இந்தப் பூனையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசக் காணோம். பேசாததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் அதற்கு மூன்று வருஷம் முன்பே வெளியே வந்துவிட்டவன்.

பெயர் பீட். டிஸ்னி நிறுவனத்தில் இன்றும் வேலையில் இருக்கும் பாத்திரங்களில் இவன்தான் மூத்தவன். மிக்கிக்கு மூன்றேமுக்கால் வயது மூப்பு. 1925 பிப்ரவரியில் வந்த ‘ஆலிஸ் சால்வ்ஸ் த பஸில்’ என்ற மௌனப் படத்தில் முதன்முதலாகத் தலைகாட்டினான். அந்தப் பட வரிசையின் விசேஷம், ஆலிஸ் மட்டும் நிஜச் சிறுமி. அவளைப் படம்பிடித்து, கையால் வரைந்த உலகத்துக்குள் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கதையில் ஆலிஸ் ஒரு குறுக்கெழுத்துப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பீட் அதைப் பிடுங்கிக்கொள்ள வருகிறான். கலங்கரை விளக்கத்துக்குள் துரத்தல், ஆலிஸின் துணையான ஜூலியஸ் என்ற பூனையோடு அடிதடி. அப்போது பீட் பூனையில்லை, கரடி. பட்டப்பெயர் ‘பூட்லெக் பீட்’, அதாவது கள்ளச்சாராயப் பீட்.

கள்ளச்சாராயக்காரனுக்கு எதற்குக் குறுக்கெழுத்து? அபூர்வமான புதிர்களைச் சேகரிப்பவனாம் அவன். இன்று படிக்க அபத்தமாகத் தோன்றும் இந்தச் சேர்க்கையில் அந்த வருஷத்து அமெரிக்கா முழுதாக உட்கார்ந்திருக்கிறது. முந்தைய ஆண்டு, 1924இல்தான், சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகம் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தை வெளியிட்டு நாடே பென்சிலும் கையுமாக அலைந்தது. மதுவிலக்கோ 1920இலிருந்து அமலில் இருந்தது. ஊருக்கு என்ன பைத்தியம், ஊர் யாருக்குப் பயந்தது என்ற இரண்டையும் அள்ளி ஒரே கரடியின் மேல் போட்டுவிட்டார்கள். அடுத்த நூறு வருஷமும் பீட்டுக்கு இதேதான் நடந்தது. காலம் யாரைக் கண்டு முகம் சுளித்ததோ அவனுடைய உடுப்பைப் பீட்டுக்கு மாட்டிவிட்டார்கள்.

ஆலிஸ் படங்களை விநியோகித்தவர் மார்கரெட் விங்க்லர். பிறகு அவருடைய கணவர் சார்லஸ் மின்ட்ஸ் வியாபாரத்தைக் கையில் எடுத்தார். ஆலிஸ் ஓய்ந்ததும் 1927இல் ஓஸ்வால்ட் என்ற முயல் வந்தது. நல்ல வரவேற்பு. அடுத்த ஆண்டு வசந்தத்தில் கூடுதல் பணம் கேட்டு நியூயார்க் போன வால்ட் டிஸ்னிக்கு இரண்டு செய்திகள் காத்திருந்தன. பணம் கூடாது, குறையும். அவரிடம் வேலைபார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் ஏற்கெனவே தன் பக்கம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டுவிட்டார். முயலின் உரிமையும் யூனிவர்சல் நிறுவனத்துக்குச் சொந்தம். முயல் போயிற்று, ஆட்கள் போனார்கள். நிலைத்து நின்றவர்களில் முக்கியமானவர் அப் ஐவர்க்ஸ். அவரும் டிஸ்னியும் சேர்ந்து உருவாக்கிய எலியின் கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதையில் சொல்லாமல் விடப்படும் ஒரு பயணி உண்டு. பீட் ஓஸ்வால்ட் படங்களிலும் வில்லனாக வந்திருந்தான். முயலைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் கையோடு வில்லனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எலிக்கு எதிரி என்றால் பூனைதானே, கரடியின் காதைக் கூராக்கி வாலை மாற்றினார்கள், வேலை முடிந்தது. நாயகனை மீட்க டிஸ்னி நிறுவனத்துக்கு 78 ஆண்டுகள் ஆயின. 2006இல், விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ் என்பிசிக்குப் போக அனுமதி கொடுத்து, பதிலுக்கு ஓஸ்வால்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒரு மனிதரைக் கொடுத்து ஒரு முயலை வாங்கிய ஒப்பந்தம்! வில்லனுக்காக யாரும் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதை யோசித்துக்கொண்டே போனால் சட்டத்தின் வேறொரு முகம் தெரிகிறது. டிஸ்னி அந்தப் படங்களை எடுத்த காலத்தில் அமெரிக்கச் சட்டம் கொடுத்த உரிமை 28 ஆண்டுகள். புதுப்பித்தால் மேலும் 28. அந்தக் கணக்குப்படி எலி 1984இலேயே எல்லோருக்கும் சொந்தமாகியிருக்க வேண்டும். 1976இல் கொண்டுவந்த சட்டம் அதை 75 ஆண்டுகளாக்கியது. 1998இல், பாடகராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினராகி அந்த ஜனவரியில் பனிச்சறுக்கு விபத்தில் இறந்துபோன சானி போனோவின் பெயரால் வந்த சட்டம் 95ஆக நீட்டியது. டிஸ்னி அதற்காகக் காட்டிய அக்கறையைப் பார்த்து மக்கள் அதற்கு ‘மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்த எரிக் எல்ட்ரெட் வழக்குத் தொடுத்தார். 2003இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது. இத்தனை நீட்டலுக்கும் காரணம் எலி என்று ஊர் பேசிற்று. பூனையின் பெயர் ஓரிடத்திலும் அடிபடவில்லை. ஆனாலும் எலிக்காகக் கட்டிய மதிலுக்குள் பூனையும் அடைபட்டுக் கிடந்தது. மிக நீட்டிக் கணக்கிட்டாலும் 2020 டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்த முதல் படத்தின் உரிமை முடிந்துவிட்டது. பீட் வெளியே வந்தான். வாசலில் யாருமில்லை.

வில்லனை யாரும் சொந்தம் கொண்டாடாததற்கு என்ன காரணம்? எனக்குத் தோன்றுவது, அவனுக்குப் பட்டா போட்டுக்கொள்ள முடியாது என்பதுதான். அவன் ஆதியிலிருந்தே புறம்போக்கு. பீட்டுக்கு முந்தைய மௌனப் பட நகைச்சுவைகளைப் பார்த்தவர்களுக்கு அவனைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாப்ளின் 1916, 1917இல் மியூச்சுவல் நிறுவனத்துக்கு எடுத்த குறும்படங்களில் எரிக் கேம்ப்பெல் என்ற மலைபோன்ற நடிகர் வருவார். ‘ஈஸி ஸ்ட்ரீட்’டில் தெருவிளக்குக் கம்பத்தையே வளைத்துத் தன் பலத்தைக் காட்டுவார், சின்ன உருவமான போலீஸ்காரர் சாப்ளின் அந்த விளக்கிலேயே அவர் தலையை மாட்டி எரிவாயுவைத் திறந்துவிடுவார். கேம்ப்பெல் 1917 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார். ஆனால் அவர் விட்டுப்போன இடம் காலியாக இருக்கவில்லை. சின்னவன் ஒருவன் இருந்தால் அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கப் பெரியவன் ஒருவன் வேண்டும். அந்தப் பெரியவனை எந்த ஸ்டூடியோவும் கண்டுபிடிக்கவில்லை, எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாப்பாயின் எதிரி புளூட்டோ முதற்கொண்டு அந்தக் கும்பலில் எத்தனையோ பேர்.

1930இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி லர்னட் ஹாண்ட் ஒரு தீர்ப்பு எழுதினார். யூதக் குடும்பமும் ஐரிஷ் குடும்பமும் சம்பந்தம் செய்துகொள்வதை வைத்து எழுதப்பட்ட ஒரு நாடகத்தின் ஆசிரியை, அதே மாதிரிப் படம் எடுத்த யூனிவர்சல் மேல் தொடுத்த வழக்கு. பாத்திரம் எவ்வளவு மொட்டையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதற்குக் காப்பு குறைவு என்பது அவர் முடிவின் சாரம். கோபக்காரத் தகப்பனும் காதலிக்கும் பிள்ளைகளும் யாருடைய தனிச் சொத்துமல்ல. யூனிவர்சல் ஜெயித்தது. ஓஸ்வால்ட்டைத் தன் சொத்தென்று வைத்திருந்த அதே யூனிவர்சல்தான். இந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பீட்டைப் பார்த்தால், கரடி, பூனை, கட்டைக்கால், சுருட்டு என்ற நாலைந்து குறிகளைத் தவிர அவனிடம் காப்பாற்ற என்ன இருந்தது என்ற கேள்வி வரும்.

என் பதில் அவன் பார்த்த உத்தியோகங்களில் இருக்கிறது. கொள்ளைக்காரனாகவும் மின்னியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனாகவும் அவன் நிறையப் படங்களில் வந்திருக்கிறான். அவை எனக்கு அலுப்பு; குதிரை, துரத்தல், பாறை விளிம்பு. அவன் சம்பளத்துக்கு வேலைபார்க்கிற படங்கள்தான் சங்கதி.

1930இல் வந்த ‘த செயின் கேங்’கில் மிக்கி காலில் சங்கிலி போட்ட கைதி, பீட் காவலன். 1933இன் ‘பில்டிங் அ பில்டிங்’கில் வானளாவிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. மிக்கி மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறான், மின்னி வண்டியில் மதியச் சாப்பாடு விற்கிறாள், பீட் மேஸ்திரி. கடைசியில் கட்டடம் சரிந்துவிழ, மிக்கி வேலையை உதறிவிட்டு மின்னியின் சாப்பாட்டு வண்டியோடு கிளம்பிவிடுகிறான். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. வேலை போனாலும் பரவாயில்லை, சொந்தமாகச் சாப்பாடு விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற அந்த முடிவை அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் கேலியாக மட்டும் பார்த்திருக்க முடியாது.

1936இன் ‘மூவிங் டே’ இன்னும் கிட்டத்தில் வருகிறது. மிக்கியும் டொனால்டும் வாடகை பாக்கி. கதவைத் தட்டுகிறவன் ஷெரிஃப் பீட். தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்து ஏலம்விடப் போவதாக அறிவிப்புக் காகிதத்தை நீட்டுகிறான். ஏலத்துக்கு முன் சாமான்களைக் கடத்திவிட வேண்டும் என்று இருவரும் பதறுகிறார்கள். ஐஸ்கட்டி போட வரும் கூஃபி தன் வண்டியைக் கொடுத்து உதவ, அவனுக்கும் ஒரு பியானோவுக்கும் நடக்கும் போராட்டம் தனிக் கதை. வண்டியில் ஏற்றி முடித்துக் கூஃபி திரும்பியதும் பியானோ மெல்ல இறங்கி வீட்டுக்குள் ஓடிவந்துவிடும். கடைசியில் கசிந்த எரிவாயு பீட் கிழித்த தீக்குச்சியில் வெடித்து வீடே தூள். சாமான்களெல்லாம் பறந்து போய் வண்டியிலேயே விழுகின்றன. ஜப்தி அதிகாரியின் கைக்கு எதுவும் சிக்காமல் போவதற்கு ஒரு வீடு வெடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரன் படத்தில் எங்குமே தென்படுவதில்லை. வருகிறவன் பீட் மட்டும்.

அதற்கு அடுத்த வருஷம் டிசம்பரில் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது. அதிலிருந்து டிஸ்னியின் புகழ்பெற்ற வில்லிகளும் வில்லன்களும் தொடங்குகிறார்கள். ராணி, மந்திரக்கண்ணாடி, விஷ ஆப்பிள். பிறகு 1959இல் டிராகனாக உருவெடுக்கும் மாலெஃபிசென்ட். அவர்களுடைய தீமைக்கு ஒரு கம்பீரம் உண்டு. அரண்மனையும் அழகும் அவர்கள் பிரச்சினை. பீட்டுக்கு வேண்டியது வாடகை பாக்கி. அவனை நிறுவனத்தின் வில்லன் வரிசைப் பட்டியல்களில் யாரும் தலைமாட்டில் வைப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியமில்லை. மந்திரவாதியைக் கண்டு பயப்பட வாய்ப்பில்லாத மனிதர்களுக்கும் மேஸ்திரியைத் தெரியும்.

1941 மே கடைசியில் டிஸ்னி ஸ்டூடியோவின் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தில் முன்னணியில் நின்ற ஆர்ட் பாபிட்டை வேலையை விட்டு நீக்கியதுதான் உடனடிக் காரணம். சம்பளம், பெயர் போடுதல் என்று அடியில் பல புகைச்சல்கள். வாசலில் நின்று முதலாளிக்கு எதிராக அட்டை தூக்கியவர்கள் கேலியாக ஓவியம் வரைந்த அட்டைகளையே தூக்கினார்கள் என்பதில் வியப்பில்லை. பல வருஷமாகச் சிடுசிடுக்கும் மேலாளுக்கு முகம் வரைந்துகொடுத்த ஸ்டூடியோ அது.

அடுத்த ஆண்டு அமெரிக்கா யுத்தத்தில் இருந்தது. ‘டொனால்ட் கெட்ஸ் டிராஃப்டட்’ 1942 மே மாதம் வெளியானது. அழகிகளின் சுவரொட்டியைப் பார்த்து விமானப் படைக்கு ஆசைப்பட்டுப் போன வாத்தைக் காலாட்படையில் தள்ளுகிறார்கள். பயிற்சி சார்ஜென்ட், பீட். எறும்புப் புற்றின் மேல் அட்டென்ஷனில் நிற்க வைத்து அசையக் கூடாது என்று அதட்டுகிறான். நாட்டுக்காகப் படைக்கு ஆள் சேர்க்கும் காலத்தில், படையின் முகமாக வில்லனை நிறுத்துவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அல்லது, சிப்பாய்கள் எல்லோருக்கும் சார்ஜென்ட்டைப் பற்றி என்ன எண்ணம் என்று தெரிந்திருந்தால் போதும். அந்தப் படம் முடியும்போது டொனால்ட் மலையாய்க் குவிந்த உருளைக்கிழங்குக்கு நடுவே உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருக்கிறான். ‘ஸ்டீம்போட் வில்லி’யும் அப்படித்தான் முடிகிறது, எலி, கூடை, கத்தி, உருளைக்கிழங்கு. 14 ஆண்டுகளில் நாயகன் மாறினான், சினிமாவுக்கு வண்ணம் வந்தது, ஒரு பெருமந்தமும் ஒரு யுத்தமும் வந்தன. தண்டனை மட்டும் மாறவில்லை, கொடுக்கிறவனும் மாறவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் குடிவந்தான். 1953இல் டொனால்டுக்குத் தொல்லை தரும் பக்கத்து வீட்டுக்காரன். 1992இன் ‘கூஃப் ட்ரூப்’ தொலைக்காட்சித் தொடரில் மனைவி மக்களோடு கூஃபியின் அண்டைவீட்டில் குடியிருந்துகொண்டு பழைய கார் விற்கிறான். கள்ளச்சாராயத்தில் தொடங்கி செகண்ட் ஹாண்ட் காரில் வந்து நிற்கும் இந்த வாழ்க்கையை ஒரு சரிவு என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்கச் சின்ன ஊர்களில் எந்த ஆளிடம் ஏமாறுவோமோ என்று பயப்பட்டார்கள் என்ற பட்டியலில் இதுவும் ஒரு வரி.

எலியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் வில்லன் யார் என்ற கேள்வி ‘ஸ்டீம்போட் வில்லி’யிலேயே இருக்கிறது. பீட் என்ன குற்றம் செய்கிறான்? வேலைநேரத்தில் விளையாடும் ஆளை அதட்டுகிறான், சமையலறைக்கு அனுப்புகிறான். எலி என்ன செய்கிறது? பூனையின் வாலைப் பிடித்துச் சுழற்றுகிறது. வாத்தை இடுக்கிக்கொண்டு பிழிந்து வாசிக்கிறது. பால்குடிக்கும் பன்றிக்குட்டிகளின் வாலை இழுத்து ஸ்வரம் எடுக்கிறது, குட்டிகளை உதறிவிட்டுத் தாயின் காம்புகளையே விசையாக அமுக்குகிறது. மாட்டின் பற்கள் சைலஃபோன். சங்கீதம் பிரமாதம்தான், மிருகங்களுக்கு அது வேறு அனுபவம். பிற்காலப் பிரதிகளில் இந்தக் கொடூரங்களில் சிலவற்றை வெட்டிவிட்டார்கள். எலி நல்லபிள்ளையாக வேண்டியிருந்தது. 2007இலிருந்து டிஸ்னி அனிமேஷன் படங்களின் தொடக்கத்தில் முத்திரையாக ஓடும் துண்டில், எலி சுக்கானருகே சீட்டியடிக்கிறது. பீட் மேலே ஏறிவருவதற்குள் துண்டு முடிந்துவிடும்.

முழுப்படமும் பொதுச்சொத்தான அன்று, வெட்டாத அந்தக் குறும்புக்கார எலி நமக்குத் திரும்பக் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்தார்கள்? 2024 ஜனவரி 1 அன்றே ‘மிக்கிஸ் மவுஸ் டிராப்’ என்ற பேய்ப்படத்தின் முன்னோட்டம் வந்தது. எலி முகமூடி போட்ட கொலைகாரன். அடுத்த வருஷம் ‘ஸ்க்ரீம்போட்’. நியூயார்க் படகில் ஒரு கொலைகார எலி. அதற்கு முன்பே 2023இல் வின்னி த பூவுக்கும் இதே கதி நேர்ந்தது. பதிப்புரிமை முடிந்த பாத்திரம் என்றால் கையில் கத்தி கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இதில் எனக்குத் தார்மீகக் கோபம் எதுவும் கிடையாது, சோம்பேறித்தனத்தின் மேல் சலிப்பு மட்டும்தான். 95 ஆண்டுகள் ஒருவர் மட்டுமே புன்னகைக்க வைத்த முகத்தை முதல் வாய்ப்பில் கோரமாக்கிப் பார்ப்பது, பூட்டியிருந்த வீட்டின் சுவரில் கரியால் கிறுக்குவதோடு நின்றுவிடுகிறது.

அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு வில்லன் தேவைப்பட்டபோது, அதே படத்தில், அதே கப்பலில் நின்றுகொண்டிருந்தவனை விட்டுவிட்டு எலியை நோக்கிப் போனார்கள். வியாபாரக் காரணம் புரிகிறது. பீட்டின் முகமூடியைப் பார்த்து யாரும் டிக்கெட் வாங்கப் போவதில்லை. ஆனால் வேறு காரணமும் உண்டு. தூய்மையானதைக் கெடுத்துக் காட்டினால்தான் அதிர்ச்சி வரும். பீட்டைக் கெடுக்க வழியில்லை. அவனை வைத்து எழுத விரும்புகிறவன் அவனுக்கு ஒரு புதிய வேலை கொடுத்தாக வேண்டும், அதற்கு இன்றைய மேஸ்திரி யார், இன்றைக்கு ஜப்திக்கு வருகிறவன் யார் என்று சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். உணவு கொண்டுபோகும் இளைஞனின் கைப்பேசிக்குள்ளிருந்து அதட்டுகிறவனுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால், அது தயாராக இருக்கிறது. அதைச் செய்ய இப்போது யாருடைய அனுமதியும் வேண்டாம்.

2026 ஜனவரி 1 அன்று 1930ஆம் ஆண்டின் படைப்புகள் பொதுச்சொத்தில் வந்து சேர்ந்தன. சிறைக்காவலன் பீட் அதில் அடக்கம். கூடவே செய்தித்தாள் சித்திரக்கதையும். மிக்கியின் தினசரித் தொடர் 1930 ஜனவரியில் தொடங்கியது. ஏப்ரலில் ‘டெத் வேலி’ கதையில் பீட் நுழைந்தான். மின்னிக்கு மார்ட்டிமர் மாமாவின் தங்கச் சுரங்கம் வாரிசுரிமையாக வந்திருக்கிறது. அதை அபகரிக்கத் திட்டம் போடுபவன் சில்வெஸ்டர் ஷைஸ்டர் என்ற வக்கீல். ஷைஸ்டர் யோசிப்பான், பீட் அடிப்பான். வாரிசுச் சொத்தைச் சட்டம் தெரிந்தவன் வளைக்கப் பார்க்கும் கதையை, பதிப்புரிமைச் சட்டம் 95 ஆண்டு பொத்திவைத்திருந்து இப்போதுதான் அவிழ்த்துவிட்டிருக்கிறது. அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்த மே மாதத்தில், இரண்டு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லி ஃப்ளாய்ட் காட்ஃப்ரட்சனிடம் தொடரை ஒப்படைத்தார் டிஸ்னி. அவர் 1975 வரை, 45 ஆண்டுகள் வரைந்தார். 1941இல் ஒரு கதையில் பீட்டின் கட்டைக்காலை எடுத்துவிட்டு நவீனச் செயற்கைக் கால் மாட்டிவிட்டவரும் அவர்தான். இத்தாலியர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அங்கே இன்றும் ஏராளமான மிக்கி கதைகள் புதிதாக எழுதப்படுகின்றன. இரண்டு கால்களால் நடமாடும் பீட்டின் பெயர் ‘காம்படிலென்யோ’, கட்டைக்காலன். த்ரூடி என்றொரு துணைவியோடு திருட்டுத் தொழிலைத் தொடர்கிறான்.

பீட்டை வரைய நினைக்கும் ஓவியர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் வழக்கில் 2014இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னதுதான் இங்கும் நடைமுறை. பழைய கதையில் இருப்பது எல்லோருக்கும், பின்னால் வந்த கதையில் சேர்த்தது அந்தக் கதையின் உரிமை முடியும்வரை உரிமையாளருக்கு. ஆகவே 1925இன் கரடி தாராளமாக வரலாம். 1928இன் பூனையும் வரலாம். ஆனால் முப்பதுகளில் பில்லி ப்ளெட்சர் கொடுத்த அந்தக் கரகரத்த குரலைத் தொட முடியாது. 1930இன் கட்டைக்கால் பரவாயில்லை. மேஸ்திரிக்கு 2029 ஜனவரி வரை பொறுக்க வேண்டும், ஷெரிஃபுக்கு 2032, சார்ஜென்ட்டுக்கு 2038. கூஃபியின் பக்கத்து வீட்டில் பழைய கார் விற்கும் குடும்பஸ்தன் 2088இல்தான் கிடைப்பான். கட்டைக்கால் வலதா இடதா என்ற பிரச்சினையில் மட்டும் யாரும் வழக்குப் போட முடியாது. அது டிஸ்னி ஓவியர்களுக்கே படத்துக்குப் படம் குழம்பியிருக்கிறது.